கப்டன் துரை என்ன சொன்னார்?

1812 ஜனவரி 20, திருகோணமலை

புதிய கப்டன் இன்று கப்பலிலிருந்து இறங்கினார். பெயர் ஆர்ச்சிபால்ட் டன்வுடி. உயரம் அதிகம், சதை குறைவு. கோட்டை வாசலில் புள்ளிமான் ஒன்று நின்றதைக் கண்டு அதற்கும் சலாம் வைத்தார். வெயிலில் கண் கூசியிருக்கும்.

சந்தியாகுப்பிள்ளையாகிய நான் இந்தக் கோட்டையின் மொழிபெயர்ப்பாளன், அதாவது துபாசி. தமிழ், போர்த்துக்கீசம், இங்கிலீசு மூன்றும் அறிந்தவன். சிங்களமும் பேசுவேன், எதிரில் சிங்களவர் இல்லாத சமயங்களில்.

கப்டனுக்குக் கிடைத்திருப்பது ஆபிரிக்கச் சிப்பாய்களின் கம்பனி. மொசாம்பிக்கில் பிறந்து, கோவாவில் விற்கப்பட்டு, இங்கிலீசுக்காரரின் பட்டாளத்துக்கு வந்து சேர்ந்தவர்கள். போர்த்துக்கீசம் பேசுவார்கள், மாதா கோவிலுக்குப் போவார்கள். ஊரார் 'காப்பிரிப் பட்டாளம்' என்பார்கள், அவர்களுடைய சார்ஜன் யோவாக்கிமின் காதுக்கு எட்டாத தூரத்தில் நின்றுகொண்டு.

"இவர்களுக்கு இங்கிலீசு தெரியுமா?" என்று கப்டன் கேட்டார்.

"ஒரு சொல்லும் தெரியாது, துரை" என்றேன்.

எனக்குப் பின்னால் சார்ஜன் இருமினான்.

போன கப்டன் எல்லாக் கட்டளைகளையும் இங்கிலீசிலேயே கொடுத்தார் என்பது உண்மை. ஆனால் அவர் காலத்தில் மொழிபெயர்ப்பாளனை மெழுகுவர்த்தி அறைக்குக் காவல் வைத்திருந்தார்கள். மேலும் நான் சொன்னது பொய்யல்ல. இலக்கணப்படி தெரியாது என்பதே என் கருத்து.

ஜனவரி 27

கப்டனுக்கு இங்கே இருக்க விருப்பமில்லை. மற்ற வெள்ளைக்கார அதிகாரிகள் விருந்து மேசையில் அவரைப் பார்த்து ஒரு மாதிரிச் சிரிக்கிறார்கள். கறுப்புச் சிப்பாய்களுக்குத் தலைவனாக வருவது அவர்களுக்குள் ஒரு குறைச்சலாம்.

"பிள்ளை, ஆறு மாதம் பொறுத்துக்கொள்வேன். அதற்குப் பிறகு ஒரு நிமிடமும் இங்கே இருக்கமாட்டேன்" என்று இன்று என்னிடம் சொன்னார். சொல்லும்போது பற்கள் பளிச்சென்று தெரிந்தன. முகத்துக்கு ஐம்பது வயது, பல்லுக்கு இருபது. எகிப்துச் சண்டையில் பிரெஞ்சுக்காரன் சுட்ட குண்டு சொந்தப் பல்லையெல்லாம் கொண்டுபோய்விட்டதாம். இது கட்டிய பல்.

கவாத்து இப்படி நடக்கிறது: கப்டன் இங்கிலீசில் சொல்கிறார். நான் தொண்டையைச் செருமி, மார்பை நிமிர்த்தி, போர்த்துக்கீசத்தில் சொல்கிறேன். சிப்பாய்கள் செய்கிறார்கள். சில வேளைகளில் நான் செருமும்போதே செய்து முடித்துவிடுகிறார்கள். அது எனக்கு அழகாக இல்லை என்று சார்ஜனிடம் தனியாகச் சொன்னேன்.

"சரி துபாசியார், உங்கட மரியாதைக்காக நாங்கள் கொஞ்சம் மந்தமா நடக்கிறம்" என்றான்.

பெப்ரவரி 3

கெட்ட செய்தி. மார்ச் மாதம் கொழும்பிலிருந்து பிரிகேடியர் துரை பார்வையிட வருகிறார். கம்பனியைக் கலைத்து, ஆட்களைக் காலிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் மலைநாட்டு எல்லைக்குமாகப் பிரித்து அனுப்பும் எண்ணமாம். ஆட்களைத்தான் அனுப்புவார்கள். பெண்சாதி பிள்ளைகளைப் பற்றிப் பேச்சே இல்லை.

சிப்பாய்களில் அநேகர் இந்த ஊரிலேயே பெண் எடுத்தவர்கள். சார்ஜனின் மனைவி இசபெல் நம் தமிழ்ப் பெண்தான். ஆவணியில் பிறந்த குழந்தைக்கு இன்னும் ஆறு மாதம்கூட ஆகவில்லை. அவளுடைய தமக்கை பிலோமினா கைம்பெண், கோட்டை வாசலில் அப்பம் விற்கிறாள். நான் தினமும் வாங்குகிறேன். என் வயிற்றுக்கு அப்பம் இதமானது.

கப்டனுக்குச் செய்தியைச் சொன்னேன். "நல்லது! கம்பனி கலைந்தால் எனக்கு வேறு பட்டாளம்!" என்று கையைத் தட்டினார். இதை நான் சார்ஜனுக்கு மொழிபெயர்க்கவில்லை.

பெப்ரவரி 11

இன்றைய சம்பவத்தை உள்ளது உள்ளபடி எழுதுகிறேன்.

கவாத்துத் திடலின் கிழக்குப் பக்கம் செங்குத்துப் பாறை. அதன் கீழே கடல். கப்டன் கம்பனியைக் கிழக்கே நடக்கச் சொன்னார். நான் சொன்னேன். நடந்தார்கள். கொஞ்ச நேரத்தில் கப்டன் 'நில்' என்றார். அந்த நேரம் பார்த்து நான் வாசல் பக்கமிருந்து காற்று எப்படி அடிக்கிறது என்று கவனித்துக்கொண்டிருந்தேன். வாசல் பக்கமாகப் பிலோமினா அப்பக் கூடையோடு ஏறி வந்தது தற்செயல்.

கப்டன் மறுபடியும் 'நில்' என்றார். பிறகு நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து ஒரு கத்துக் கத்தினார். அந்தக் கத்தலோடு வெள்ளையாக ஏதோ ஒன்று வாயிலிருந்து கிளம்பியது. வெயிலில் மின்னியது. முன்வரிசைக்காரரின் தலைக்கு மேலாகப் போய்ப் பாறையைத் தாண்டி மறைந்தது. அத்தனை பேரும் தொப்பியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்கள்.

சிப்பாய்கள் அந்தக் கத்தலோடேயே நின்றுவிட்டிருந்தார்கள். நான் சொல்லாமலே. இதை எழுதியிருக்க வேண்டியதில்லை. மை காய்ந்துவிட்டது.

கப்டன் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு விடுதிக்கு ஓடினார்.

பெப்ரவரி 12, சாம்பல் புதன்

கப்டன் வெளியே வரவில்லை. என்னை உள்ளே கூப்பிட்டார். அவர் பேசியது எனக்குக் கேட்டபடி இங்கே எழுதுகிறேன்: "ஃபிள்ளை, ஃபஃப் மஃபூ ஃபிமஃப்!"

"அப்படியே செய்கிறேன், துரை" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

கம்பனிக்கு ஏதாவது சொல்ல வேண்டுமே. இன்று நாற்பது நாள் நோன்பான தபசுகாலம் தொடங்குகிறது அல்லவா, அதனால் கப்டன் துரை உயிர்த்த ஞாயிறுவரை மௌன விரதம் எடுத்திருக்கிறார் என்று அறிவித்தேன். சிப்பாய்கள் மனம் உருகிப்போனார்கள். ஒருவன் மட்டும், "துரை எங்கட கத்தோலிக்க சபை இல்லையே?" என்றான்.

"அதனால்தான் மௌனம் இவ்வளவு கடுமை" என்றேன்.

பெப்ரவரி 15

பாறைக்குக் கீழே மீனவர்களை இறக்கித் தேடினோம். அகப்பட்டவை: ஒல்லாந்தர் காலத்துப் புகைக்குழாய், மாட்டுக் கொம்பு, சுறாவின் தாடை. சுறாத் தாடையைக் கொண்டுவந்தவன் அதைத் தன் வாய்க்கு நேரே பிடித்துக் காட்டி, "துரைக்கு அளவு பாப்பமோ?" என்றான். சன்னலுக்குள் நின்ற கப்டன் உடனே மறுக்கவில்லை. கொஞ்சம் யோசித்தார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பல் எதில் செய்தது என்று சார்ஜன் கேட்டான். நீர்யானைத் தந்தத்தில் செய்தது என்று கப்டன் முன்பு சொன்னதைச் சொன்னேன். சார்ஜன் தரையில் உட்கார்ந்துவிட்டான். கண்ணில் நீர் வரச் சிரித்தான்.

"எங்கட ஆத்தில அது வாயைத் திறந்தா வள்ளமே உள்ள போயிடும், துபாசியார். அதின்ர பல்லோ இவ்வளவு நாளும் எங்களைப் பாத்துக் கத்தினது? எங்கயோ கேட்ட குரலா இருக்கே எண்டு நானும் யோசிச்சனான்!"

பெப்ரவரி 19

கப்டனின் சமையல்காரனுக்குத் தெரிந்தது சுட்ட மாட்டிறைச்சி ஒன்றுதான். அதைத் தினமும் சுடுகிறான். கப்டன் தினமும் அதைப் பார்க்கிறார். இறைச்சி அப்படியே திரும்பிப் போகிறது. மனிதர் காற்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நடக்கும் நிலைக்கு வந்துவிட்டார்.

இசபெல் கேள்விப்பட்டுத் தேங்காய்ப்பால் விட்ட கஞ்சி ஒரு சட்டி அனுப்பினாள். கப்டன் சட்டிக்குள் முகத்தை விட்டார். வெளியே எடுத்தபோது மூக்கில் கஞ்சி, கண்ணில் கண்ணீர்.

பெப்ரவரி 21

இன்று கஞ்சி வரக் கொஞ்சம் தாமதம். கப்டன் வாயைக் கைக்குட்டையால் மறைத்துக்கொண்டு, கிண்ணத்தைக் கையில் எடுத்து, சிப்பாய்களின் குடியிருப்புக்கு நேரே நடந்து போய்விட்டார். எந்தக் கப்டனும் அந்தப் பக்கம் போனதாக எனக்கு நினைவில்லை.

பெப்ரவரி 26

தினமும் போகிறார். மொழிபெயர்ப்பாளன் இல்லாமல் எப்படி என்று நானும் கூடப் போகிறேன். பிலோமினா சார்ஜனின் வீட்டில்தான் இருக்கிறாள் என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

கப்டன் பாயில் உட்கார்ந்தால் முழங்கால் காதுக்கு வருகிறது. பக்கத்தில் குழந்தை. அதற்கும் பல் இல்லை. இசபெல் ஒரே பானையில் காய்ச்சி இரண்டு பேருக்கும் ஊற்றுகிறாள். இன்று கைக்குட்டை நழுவியது. குழந்தை கப்டனின் வாயைப் பார்த்தது. தன் இனத்தவர் ஒருவரைக் கண்டுவிட்டதுபோல் கையைக் கொட்டிச் சிரித்தது. கப்டன் கைக்குட்டையை எடுக்கப் போனவர், எடுக்காமல் விட்டுவிட்டார். அவரும் சிரித்தார்.

"அண்ணை, பல்லோட சிரிச்சதைவிட இதுதான் துரைக்கு வடிவு" என்றாள் இசபெல்.

இது அரசாங்க விஷயம் அல்ல என்பதால் மொழிபெயர்க்கவில்லை. ஆனால் கப்டனின் காது சிவந்தது. வெயிலாக இருக்கும்.

மார்ச் 2

பேச முடியாத மனிதர் கேட்கத் தொடங்கிவிட்டார். இன்று கஞ்சி குடித்த பிறகு சார்ஜன் தன் கதையைச் சொன்னான். ஆற்றங்கரையில் பிடிபட்டது, கப்பலில் வந்தது, கோவாவில் பாதிரியார் அவனையும் இன்னும் பலரையும் வரிசையாக நிறுத்தி ஒரே மூச்சில் ஞானஸ்நானம் கொடுத்தது.

"எனக்கு முன்னால நிண்டவனுக்கும் யோவாக்கிம், பின்னால நிண்டவனுக்கும் யோவாக்கிம். பாதிரியாருக்கு அண்டைக்குக் களைப்பு" என்றான்.

கப்டன் ஏதோ கேட்டார். இன்னும் கஞ்சி வேண்டும் என்று கேட்கிறாரென நான் மொழிபெயர்க்க வாயெடுத்தேன். அதற்குள் சார்ஜன், "முவேமா. தாய் வச்ச பேர்" என்றான்.

"முவேமா" என்றார் கப்டன்.

சுத்தமாகச் சொன்னார்! அவன் சொன்னபடி அந்தப் பெயர் முழுவதும் உதட்டிலேயே பிறக்கிறது, பல் தேவையில்லை. இவ்வளவு நாளில் அவர் வாயிலிருந்து ஒழுங்காக வந்த முதல் சொல் அது.

சார்ஜன் கிண்ணத்தைக் கீழே வைத்தான். "இன்னொருக்காச் சொல்லச் சொல்லுங்கோ, துபாசியார்."

நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கப்டன் இன்னொருமுறை சொன்னார். பிறகு குழந்தையைப் பார்த்தும் சொன்னார். குழந்தை கஞ்சியைத் துப்பியது. இசபெல் அடுப்பை ஊதுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கப்டன் கேட்டது சார்ஜனுக்கு எப்படி விளங்கியது? தற்செயலாக இருக்கும்.

மார்ச் 6

சார்ஜன் இன்று பேச்சுவாக்கில், "துரையின்ர பல்லைக் கொண்டு போனது பிரெஞ்சுக் குண்டு இல்ல, கப்பல் பிஸ்கோத்து" என்றான்.

"யார் சொன்னது?"

"அவர்தான்."

"எப்போது?"

"நேத்து. நீங்கள் பிலோமினாவுக்கு விறகு கொத்திக் குடுத்துக்கொண்டு நிண்டியள்."

நான் கோடரியோடு அந்தப் பக்கமாகப் போனது வேறு ஒரு காரியத்துக்காக.

மார்ச் 9

பிரிகேடியர் துரை வந்து இறங்கினார். பருமனான மனிதர். மூக்கு இன்னும் பருமன். நாளைக்குப் பார்வையிடுகிறார்.

இன்று பிலோமினாவிடம் அப்பம் வாங்கப் போனேன். அடுப்பு மூட்டவில்லை. "தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு எங்க போறதெண்டு யோசிக்கிறன். சார்ஜனை மலைநாட்டு எல்லைக்கு அனுப்பினா நாங்களும் நடந்தெண்டாலும் போகத்தான் வேணும்" என்றாள். பிறகு, "உங்களுக்கு அப்பத்துக்கு வேற ஆளைப் பாருங்கோ, துபாசியார்" என்றாள்.

நாள் முழுக்க வயிறு சரியில்லை. அப்பம் இல்லாததால்.

மார்ச் 10

நடந்ததை எழுதுகிறேன்.

கவாத்து அருமையாக நடந்தது. கப்டனுக்குத் தாடையில் வீக்கம் என்று பிரிகேடியரிடம் முன்பே சொல்லி வைத்திருந்தேன். எல்லாம் முடிந்ததும் பிரிகேடியர், "கப்டன் டன்வுடி, இந்தக் கம்பனியைக் கலைத்துவிடலாம் என்று நினைக்கிறேன். உம்முடைய கருத்து என்ன?" என்று கேட்டார்.

கப்டன் கைக்குட்டையை எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். ஓரடி முன்னால் வந்தார். பேசினார்.

ஆண்டவரே, எவ்வளவு நேரம் பேசினார்! முகம் செம்பாகிவிட்டது. வாள்பிடியில் அடித்தார். சிப்பாய்களைக் காட்டினார். கடலைக் காட்டினார். கடைசியில் பிரிகேடியரின் மூக்கை, மூக்குக்கு மிக அருகில் விரலைக் கொண்டுபோய்க் காட்டினார். "ஃபஃப் மஃபிஃபூ ஃபம்ஃபஃப் ஃபூஃப்!"

"என்ன சொல்கிறார்?" என்றார் பிரிகேடியர்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இங்கிலீசிலிருந்து இங்கிலீசுக்கு மொழிபெயர்க்கும் கதி உலகத்தில் எனக்கு மட்டும்தான் வந்திருக்கும். கப்டன் சொன்னது எனக்குத் தெளிவாகவே விளங்கியது என்று இங்கே எழுதி வைக்கிறேன். குறிப்பாக, 'முவேமா' என்ற சொல் நன்றாக விளங்கியது.

ஆறு மாதத்தில் போய்விடத் துடித்த மனிதர் வேறென்ன சொல்லியிருப்பார்? கலையுங்கள், கடலில் தள்ளுங்கள், எனக்குக் கப்பலைக் காட்டுங்கள் என்றுதான் சொல்லியிருப்பார். நான் பிலோமினாவின், அதாவது கம்பனியின் நிலையை நினைத்தேன். கப்டனுக்குக் கேட்காதபடி பிரிகேடியரின் காதருகே போனேன். தொண்டையைச் செருமினேன்.

"மேன்மை தங்கிய பிரிகேடியர் அவர்களே! தாங்கள் வந்ததில் கப்டனுக்கு மெத்த மகிழ்ச்சி. இவர்கள் நல்ல சிப்பாய்கள். கடற்காற்று இவர்களுக்கு ஒத்துக்கொள்கிறது. இவர்களை இங்கேயே விட்டுவைக்கும்படி மிகப் பணிவோடு கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறார்."

"என் மூக்கைக் காட்டினாரே?"

"தங்கள் மூக்கு வெயிலில் சிவந்துவிட்டதே என்று கவலைப்படுகிறார்."

பிரிகேடியர் மூக்கைத் தொட்டுப் பார்த்தார். அவர் முகம் இளகிவிட்டது. "இந்த நாட்டுக்கு வந்து இத்தனை வருஷத்தில் ஒருவன்கூட இதைக் கேட்டதில்லை" என்றார். கப்டனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இப்படிப்பட்ட மனிதரின் கம்பனியைக் கலைக்கமாட்டேன். இங்கேயே இருக்கட்டும்."

கப்டன் திறந்த வாய் மூடாமல் நின்றார். முன்வரிசையில் சிப்பாய்களின் தோள்கள் குலுங்கின. நன்றியில் அழுகிறார்கள் என்று நினைத்தேன்.

மார்ச் 11

சார்ஜனை அவன் வீட்டு வாசலுக்குத் தனியாக அழைத்து உண்மையைச் சொன்னேன். கப்டன் உங்களைக் கைவிடத்தான் பார்த்தார், நான்தான் காப்பாற்றினேன், வெளியே சொல்லாதே என்றேன்.

சார்ஜன் வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்தான். "துபாசியார், அவர் என்ன கதைச்சவரெண்டு உங்களுக்கு மெய்யாத் தெரியாதோ?"

"உனக்குத் தெரியுமோ?"

"ஏன் தெரியாது? இதுக்கு முன்னம் எத்தினையோ பட்டாளத்தில இருந்தனான், இவையளைப் போல ஆக்களைக் காணேல்ல எண்டார். இந்த சார்ஜனுக்குப் பேர் முவேமா, இவனை ஒருக்கா வித்தாச்சு, பெண்சாதி பிள்ளையைப் பிரிச்சு இன்னொருக்கா விக்க விடமாட்டன் எண்டார். கலைச்சா வாளைக் கடலுக்க எறிவன், என்ர பல்லும் அங்கதான் கிடக்கு, ரெண்டும் ஒண்டா இருக்கட்டும் எண்டார்."

"மூக்கைக் காட்டியது?"

"அதை நான் சொல்லமாட்டன். பிள்ளை நித்திரை கொள்ளுது."

நான் வாசற்படியில் உட்கார்ந்தேன். "இதெல்லாம் உனக்கு எப்படியடா விளங்கியது?"

"எனக்கு மட்டுமோ, கம்பனிக்கே விளங்கினது. இவ்வளவு நாளும் அவரோட ஒண்டா இருந்து கஞ்சி குடிக்கிறம். விளங்காமல் என்ன?"

மார்ச் 12

கப்டன் காலையிலேயே முழுச் சீருடையும் போட்டு, பெட்டியைக் கட்டி, விறாந்தையில் அந்தப் பெட்டியின் மேல் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். கம்பனி தப்பினாலும், பிரிகேடியரைத் திட்டியதற்காகத் தன்னைக் கைதுசெய்ய ஆள் வரும் என்று காத்திருந்தாராம். பயந்த முகமாகத் தெரியவில்லை. மாப்பிள்ளைபோல் இருந்தார்.

மத்தியானம் பிரிகேடியரின் வேலைக்காரன் வந்தான். கப்டன் எழுந்து வாளைக் கழற்றி நீட்டினார். வேலைக்காரன் ஒரு கூடை தோடம்பழத்தை நீட்டினான். மூக்குக்குத் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டதாகவும், எரிச்சல் குறைந்திருப்பதாகவும் பிரிகேடியர் சொல்லி அனுப்பியிருந்தார்.

கப்டன் வாளையும் கூடையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சார்ஜனிடம் ஏதோ சொன்னார். சார்ஜன் என் பக்கம் திரும்பி, "தான் சொன்னதை அப்பிடியே சொன்னனீங்களோ எண்டு துரை கேக்கிறார்" என்றான்.

"ஒரு சொல்கூட விடவில்லை என்று சொல்" என்றேன்.

சார்ஜன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு கப்டனிடம் நேரே இங்கிலீசில், "ஒன்றும் விடவில்லையாம், துரை" என்றான். இலக்கணம் சரியாகத்தான் இருந்தது.

கப்டன் தலையை ஆட்டினார். பிரிகேடியரை எதிர்த்து நின்று ஜெயித்த மனிதராக ஒரு தோடம்பழத்தை எடுத்து உறிஞ்சினார். அதன் பிறகு அவர் நடையே வேறு. இரவு விருந்து மேசையில் யாரோ பழையபடி சிரித்தார்களாம். இவர் திரும்பி, பல்லில்லாத வாயை அகலத் திறந்து சிரித்துக் காட்டினாராம். அதற்குமேல் யாரும் சிரிக்கவில்லையாம்.

மார்ச் 16

பிரிகேடியரின் கப்பல் போய்விட்டது. ஏறிப் போக கப்டனுக்கும் இடம் இருந்தது. கட்டிய பெட்டியை நேற்றே அவிழ்த்து, உள்ளே இருந்த பட்டுத் துணியைக் குழந்தைக்கு ஏணை கட்டக் கொடுத்துவிட்டார்.

மார்ச் 29, உயிர்த்த ஞாயிறு

பூசை முடிந்து கம்பனி முழுவதும் பெண்சாதி பிள்ளைகளோடு திடலில் கூடியது. கப்டன் பேசப் போகிறார் என்றார்கள். பழக்கத்தில் நான் அவர் பக்கத்தில் போய் நின்று தொண்டையைச் செருமினேன். கப்டன் என் தோளைத் தட்டி, பெண்கள் நிற்கிற பக்கமாகப் போய் நிற்கும்படி கை காட்டினார். போய் நின்றேன். இடமிருந்தது பிலோமினாவுக்குப் பக்கத்தில் மட்டும்தான்.

கப்டன் பேசினார். ஃபஃப் என்றார், மஃப் என்றார். சிப்பாய்கள் தலையாட்டினார்கள். ஓரிடத்தில் சார்ஜனைக் காட்டி 'முவேமா' என்றார். எல்லோரும் ஆரவாரித்தார்கள். பிறகு என் பக்கம் கையை நீட்டி ஏதோ ஒரு நீண்ட வசனம் சொன்னார். திடலே வெடித்துச் சிரித்தது. இசபெல் குழந்தையைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தாள். பிலோமினா முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். அவள் காது சிவந்திருந்தது.

"என்ன சொன்னார்?" என்றேன்.

"உங்களைப் பற்றித்தான்."

"என்னைப் பற்றி என்ன?"

"எங்களைப் பற்றி" என்றாள். "வீட்ட வாங்கோ, சொல்லுறன். இப்ப இந்தக் கூடையைப் பிடியுங்கோ."

கூடையைப் பிடித்தேன். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நானும் சிரித்தேன், கொஞ்சம் பிந்தி.